ஏரிக்குப் பலகை வச்சா போதுமா? ஊரு கூட நிக்க வேணாமா?



ஐப்பசி, கார்த்திகை வந்தா நம்ம பக்கம் எல்லாருக்கும் ஏரி ஞாபகம் வந்துடும். முடிச்சூர்ல தண்ணி, வரதராஜபுரத்துல படகு, ஊரப்பாக்கத்துல முழங்கால் அளவு வெள்ளம்னு டிவியில ஓடும். தை பொறந்தா மறந்துடுவோம். பேருலயே ஏரியை வச்சிருக்கிற ஊரு நம்ம பொத்தேரி. அந்த ஏரியோட எல்லை எதுவரைக்கும்னு கேட்டா நம்மில் எத்தனை பேரு கை காட்டுவோம்?

தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சர் ஈரநிலங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்பு வந்தால் மட்டும் ஒரு நீர்நிலை பிழைத்துவிடுமா என்பதுதான் நம் கேள்வி. பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம், ஒரு பக்கம் பள்ளிக்கரணை, இன்னொரு பக்கம் வேடந்தாங்கல்.

முதலில் வேடந்தாங்கல். அது ஒன்றும் காடு இல்லை, பாசன ஏரி. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் நின்று, கூடு கட்டும் பறவையைச் சுடக்கூடாது என்று கௌல் வாங்கினார்கள். கலெக்டர் லயோனல் பிளேஸ் காலம், 1798 வாக்கில். வனத்துறை, சுற்றுச்சூழல் சட்டம் எதுவும் இல்லாத காலம் அது. அந்த மக்கள் ஏன் போனார்கள்? பறவை மேல் பாசம் மட்டும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். பறவை இருந்தால் விளைச்சல், விளைச்சல் இருந்தால் ஊர். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வழக்கம் அங்கே இப்பவும் இருக்கு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சரி. ஆனா அதைக் காப்பாத்தினது 200 வருஷத்துக்கும் மேலான ஊர்க் கட்டுப்பாடு.

இப்ப பள்ளிக்கரணைக்கு வாங்க. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம். குப்பை கொட்டினோம், ரோடு போட்டோம், ஐ.டி. கட்டடம் கட்டினோம். 2007-ல் 317 ஹெக்டேரை காப்புக்காடாக அறிவித்தது கூட, உள்ளூர் மக்களும் ஆய்வாளர்களும் வருஷக்கணக்கில் விடாமல் அலைந்ததால்தான். அந்தப் பணியில் முன்னின்ற ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-ல் ராம்சர் அமைப்பின் விருதே கிடைத்தது.

2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எந்த சர்வே எண்ணில் எல்லை ஓடுகிறது என்று தரையில் அளந்து மக்களுக்குச் சொல்லும் வேலை கிடப்பில் போனது. விளைவு? 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், அளந்து முடிக்கும் வரை தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கூடாது என்றது. தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனா மாட்டினது யாரு? லோன் போட்டு அரை கிரவுண்டு வாங்கி, பிளான் அப்ரூவலுக்குக் காத்திருக்கிற சாதாரணக் குடும்பம். பெரிய கட்டுமானக் கம்பெனிக்கு வக்கீல் இருக்கார். இவங்களுக்கு யாரு?

மக்களைச் சேர்க்காமல் மேலிருந்து கோடு போட்டால் ஈரநிலத்தைக் காக்க நினைப்பவரும் வீடு கட்ட நினைப்பவரும் எதிரிகளாக நிற்பார்கள். இரண்டு பேரும் ஒரே வெள்ளத்தில்தான் நனைகிறார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. சுவீடனில் கிறிஸ்டியன்ஸ்டாட் என்ற ஊர், ஹெல்கே ஆற்றங்கரை ஈரநிலம். 1970-களிலேயே ராம்சர் பட்டியலில் வந்துவிட்டது. பாதுகாப்பு வந்தும் புல்வெளியும் பறவையும் குறைந்துகொண்டே போனது. காரணம், மாடு மேய்வதும் புல் அறுப்பதும் குறைந்ததுதான்! ஸ்வென்-எரிக் மக்னுசன் என்பவர் விவசாயிகள், பறவை ஆர்வலர்கள், நகராட்சி எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். 1989-ல் நகராட்சி அந்தத் திட்டத்தை ஏற்றது. 2005-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அது உயர்ந்தது. உயிர்க்கோளக் காப்பகம் என்றால் மனிதரை வெளியேற்றும் இடம் இல்லை. நடுவில் கண்டிப்பாகக் காக்கும் பகுதி, சுற்றிலும் மக்கள் வாழ்ந்து பிழைக்கும் பகுதி. நம்மிடமும் நீலகிரி, மன்னார் வளைகுடா, அகத்தியமலை என்று மூன்று இருக்கின்றன.

பொத்தேரி ஏரிக்கு யுனெஸ்கோ வரும் என்று கதை விடவில்லை. நம்ம ஏரிக்கு ராம்சர் பலகையும் வேண்டாம். ஆனா ஒரு சட்ட ஓட்டை தெரிஞ்சுக்கணும். ஒன்றிய அரசின் 2017 ஈரநில விதிகளில், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அதாவது செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பாலான ஏரிகள்! நம்ம பாட்டன் பூட்டன் வெட்டினான் என்பதாலேயே பாதுகாப்பு இல்லையாம். பாசன ஏரியான வேடந்தாங்கலுக்கு உலக அங்கீகாரம் கிடைக்கும், அதே பாலாற்றுச் சீமையின் மற்ற ஏரிகள் கணக்கில் வராது. இது என்ன நியாயம்? விதியைத் திருத்தச் சொல்லி ஒன்றிய அரசைக் கேட்கிறோம். அதுவரை 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி எல்லை அளந்து கல் நட வேண்டியது மாநில அரசின் வேலை. அளக்கும்போது குடியிருப்போர் சங்கம், மீன்பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், பக்கத்துக் கல்லூரி மாணவர் எல்லாரும் கூட இருக்கணும். ஏழைக் குடிசை முதலில், பெரிய மதில்சுவர் கடைசியில் என்ற வழக்கமான வரிசையும் இங்கே நடக்கக் கூடாது.

நகராட்சி வார்டில் இருப்பவர்களுக்கு ஏரியா சபை உண்டு. (பேருக்கேற்ற மாதிரி முதல்ல ஏரியைப் பேசுவோம்.) ஊராட்சியில் இருப்பவர்களுக்கு கிராம சபை. வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கு, கழிவுநீர் எந்தக் குழாயில் ஏரிக்குள் விழுது, கலங்கல் வழியும் தண்ணி எந்தத் தெரு வழியாப் போகுது என்று எழுதி, தீர்மானமாக்கி, நகலை கையோடு வாங்குங்கள். பழைய புல வரைபடம் வீட்டுப் பெட்டியில் வச்சிருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க. கலங்கல் வழிஞ்சதைக் கண்ணால் பார்த்த பெரியவங்களையும் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க.

#பொத்தேரி_ஏரி #எல்லை_அளந்து_கல்_நடு