ஆஃப்டர் மஃரிப், பிள்ளை என்ன செய்தது?



போன கிழமை ஒரு உம்மா கையில் போனோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். லண்டனில் இருக்கிற உறவுக்காரர் தங்கள் பிள்ளையின் பயிற்சித்தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "அங்க நாலாம் ஆண்டுப் பிள்ளை 'ஃப்ரொன்டட் அட்வேர்பியல்' படிக்குதாம். எங்கட பிள்ளைக்கு இன்னும் அதைச் சொல்லிக் குடுக்கேல்லையே டீச்சர்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் எழுதுகிறோம்.

பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. எப்போது, எங்கே, எப்படி என்று சொல்கிற பகுதியை வசனத்தின் முன்னுக்கு வைப்பது, அவ்வளவுதான். "வி பிளே கிரிக்கெட் ஆஃப்டர் ஸ்கூல்" என்பதை "ஆஃப்டர் ஸ்கூல், வி பிளே கிரிக்கெட்" என்று எழுதுவது. முன்னுக்கு வந்தால் ஒரு கொமா போடவேண்டும்.

இங்கிலாந்தில் 2014 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இதை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அந்த நாட்டுப் பெற்றோரே இந்தப் பெயரைக் கண்டு திகைத்தார்கள். ஆங்கிலமே வீட்டு மொழியான இடத்தில் அந்தக் கதை.

எங்கள் பிள்ளைகளோ இந்தப் பழக்கத்தோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள். "நேற்றுப் பின்னேரம் வாப்பாவோட சந்தைக்குப் போனேன்", "சுபஹுக்குப் பிறகு ஓதப் போனேன்" என்றுதான் பேசுகிறார்கள். காலத்தை முதலில் சொல்வது தமிழுக்கு இயல்பு. அதனால் வகுப்பில் நாங்கள் தமிழில்தான் தொடங்குகிறோம். "மஃரிபுக்குப் பிறகு என்ன செய்தாய்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறோம். பிறகு அந்தப் பதிலை மட்டைத் துண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளை காலத் துண்டைத் தூக்கி முன்னுக்கு வைக்கும், பின்னுக்கு வைக்கும். முன்னுக்கு வைத்தால் மட்டும் கொமாத் துண்டும் கூட வரும். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

சிக்கல் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. தமிழில் 'பிறகு' பின்னால் வரும், ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' முன்னால் வரும். அதனால் பிள்ளை "மஃரிப் ஆஃப்டர்" என்று தொடங்கும். அதைத் திருத்தினால், கொமாவுக்குப் பிறகு "ஐ குர்ஆன் ரீட்" என்று எழுதும். தமிழில் வினை கடைசியில் வருகிறதே! ஆங்கிலத்தில் ஆள், செயல், பொருள் என்ற ஒழுங்கு வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவைப்படுவது இங்கேதான். இலக்கணப் பெயரை நூறு தரம் பாடமாக்கினாலும் இந்த இரண்டு பிழையும் திருந்தாது.

ஆங்கிலம் முறையாகத் தொடங்குவதே தரம் மூன்றில். அடுத்த ஆண்டே பெயரைத் திணிக்க அவசரம் இல்லை. முதலில் வாயில் வரட்டும், பிறகு கொப்பியில் வரட்டும், பெயர் அதற்குப் பிறகு வரலாம்.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்லவேண்டும். "வி வென்ட் டு காங்கேசன்துறை ஒன் சண்டே" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. சரியான வசனம். காலத்தை முன்னுக்கு வைக்கவில்லை என்று சிவப்பு மையால் வெட்டினோம். அடுத்த கட்டுரையில் அந்தப் பிள்ளை மூன்றே வரி எழுதியது, மூன்றும் "ஒன் சண்டே" என்று தொடங்கின. வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்று விளங்கியது: முன்னுக்கு வைப்பது ஒரு வசதி, கட்டாயம் இல்லை. எதை முதலில் சொல்ல ஆசையோ அதை முன்னுக்கு வைக்கலாம் என்றுதான் பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

பெற்றோரின் பதற்றம் எங்களுக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் படிப்பு அறுந்துபோன பிள்ளைகள்தான் இன்று பலருக்கு உம்மா, வாப்பா. "எங்களுக்குத்தான் இங்கிலீஷ் வரல்ல, பிள்ளைக்காவது வரட்டும்" என்று அவர்கள் சொல்லும்போது மனம் கனக்கிறது. அந்த ஆசையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பயத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பிள்ளையோடு இருங்கள். "இன்றைக்குப் பள்ளி விட்ட பிறகு என்ன செய்தாய்?" என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை சொன்னதும், "அதையே இங்கிலீஷில் சொல்லு, பார்ப்பம்" என்று கேளுங்கள். சரியா பிழையா என்று நீங்கள் பார்க்கவேண்டாம், அது எங்கள் வேலை. பிள்ளை தயங்காமல் சொன்னதா என்று மட்டும் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், கொமா தானாக வந்து சேரும்.