தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?

“தாயி, காலேஜ்லயாவது இங்கிலீஷ் மீடியம் சேர்ந்துக்க. அப்பத்தான் வெளிநாடு அது இதுன்னு போக முடியும்.”

“பாடம் புரியணும்லப்பா? புரியாம மனப்பாடம் பண்ணி என்ன செய்ய?”

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் எழும் பேச்சு இது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்பாவின் கவலையைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. 2023-ல், சேருவோர் குறைந்துவிட்டதாகச் சொல்லி, 11 உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்த முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவைக் கைவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூவில் இங்கிலீஷ் கேட்பார்களே என்ற பயம் பிள்ளைகளுக்கும் உண்டு.

மகள் பக்கமும் கனமான காரணம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. 2010-ல் வந்த இந்தச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. இப்போது, டிகிரி கேட்கும் வேலை என்றால் பள்ளி முதல் டிகிரி வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு கல்லூரியில் மீடியம் மாறினால், அந்த வேலைகளில் இந்தச் சலுகை போய்விடும். அட்மிஷன் பாரத்தில் போடும் ஒரு டிக்கில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

சரி, வெளிநாடு? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தால் உலகமே திறந்துவிடும் என்பதும் முழு உண்மை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. சேரப்போகும் கல்லூரியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

பாடத்தை எந்த மொழியில் படிப்பது என்பது ஒரு கேள்வி. இன்னொரு மொழியைக் கற்பது வேறு கேள்வி. தமிழ்வழியில் சேர்ந்த பிள்ளை, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி இங்கிலீஷ் பேசப் பழகலாம். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த பிள்ளை, புரியாததைத் தமிழில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பாரத்தை நிரப்பும் முன், “உனக்கு எதுல புரியுது தாயி?” என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கட்டும். படிக்கப் போவது அவள்தானே!