கழிவறைக்கும் ஒரு விளக்கு வேண்டும்



சம்பளம் வாங்கிய வாரக் கடைசியில் பகாவ், ரந்தாவ், லுக்குட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளோடு சிரம்பானுக்குப் போகிறோம். பேரங்காடியில் துணிமணி பார்க்கிறோம், பசியாறுகிறோம். நடுவில் சின்னது, "அம்மா, பாத்ரூம்!" என்று கையைப் பிடித்து இழுக்கும். கட்டடத்தின் ஒரு கோடியில், நீண்ட நடைவழியைத் தாண்டி, கதவுக்குள் கதவாக இருக்கும் அந்த இடத்துக்கு அழைத்துப் போகிறோம். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றுவிட்டால்?

"என்ன வாத்தியாரே, எழுதுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயமல்ல இது.

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்துப் பக்கம் ஏற்பட்ட கோளாறினால், மாலை 5 மணிக்குப் பிறகு தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. கடைகளில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம் அது. மீண்டும் 2005 ஜனவரி 13ஆம் நாள், நண்பகல் வேளையில், கோலாலம்பூர், சிலாங்கூர், மலாக்கா, ஜொகூர் ஆகியவற்றோடு நமது நெகிரி செம்பிலானிலும் மின்சாரம் போனது. ஆகவே, "அப்படியெல்லாம் நடக்காது" என்று யாரும் சொல்ல முடியாது.

தோட்டத்து மக்களுக்கு இருட்டு புதிதல்ல. இஞ்சின் போட்டு விளக்கு எரித்த காலத்தில், இரவில் இஞ்சின் நின்றதும் லயமே இருண்டுவிடும். ஆனாலும் லயத்து இருட்டில் வானம் தெரியும். கூப்பிட்டால் பக்கத்து வீட்டார் வருவார்கள். பேரங்காடிக் கழிவறை அப்படியல்ல. பெரும்பாலும் அதற்குச் சன்னல் இருக்காது. பட்டப்பகலிலும் மின்விளக்கை நம்பித்தான் அந்த இடம் இருக்கிறது. தரை ஈரம்; உள்ளே தாழ்ப்பாள்; ஆள் தனியே. கடைக்குள் நிற்பவருக்கு வெளியே போகும் வழியைக் காட்டும் 'கெலுவார்' பலகையாவது கண்ணில் படும். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், குழந்தைகள் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்?

வெறும் மின்தடை என்றால் காத்திருக்கலாம். தீயும் புகையும் சேர்ந்து வந்தால் காத்திருக்க முடியுமா? 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் மின்மாற்றியிலிருந்து தீ கிளம்பியது. விளக்குகள் அணைந்தன; அவசர விளக்கு இல்லை; வழியும் அடைபட்டுக் கிடந்தது. இருட்டிலும் புகையிலும் சிக்கி 59 பேர் இறந்தார்கள். தீ சுட்டு மாண்டவர்களல்லர். மூச்சு முட்டி மாண்டவர்கள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின் 253ஆவது விதியைப் பாருங்கள். வழக்கமான மின்சாரம் நின்றால் 10 வினாடிகளுக்குள் அவசர மின்சாரம் தானாகவே வரவேண்டும் என்கிறது அது. பேட்டரியை நம்பியிருக்கும் விளக்கு என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்த விதி கட்டடத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிறது. வேறு சில நாடுகள் கழிவறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. அமெரிக்காவில் பின்பற்றப்படும் கட்டட விதித் தொகுப்பு, 300 சதுர அடிக்கு மேற்பட்ட பொதுக் கழிவறைகளில் அவசர விளக்கு வேண்டும் என்கிறது. பிரிட்டனின் நடைமுறை விதியோ 8 சதுர மீட்டரைத் தாண்டினாலே, அதாவது ஏறக்குறைய 86 சதுர அடியைத் தாண்டினாலே, விளக்கு கேட்கிறது. உடற்பேறு குறைந்தோருக்கான கழிவறை என்றால் அதற்கும் விளக்கு வேண்டும். 86 சதுர அடி என்பது நம் வீட்டு அறை ஒன்றின் அளவுதான்!

நாம் அங்கே போய்வருவது ஐந்து நிமிடம். அதே இடத்தில் நாள் முழுதும் நிற்பவர்கள் யார்? தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போனபின், நம் தாய்மார்களில் பலர் பட்டணத்துக் கட்டடங்களில் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். என் மாணவன் ஒருவனின் தாயார் சொன்னார்: "லைட் போனதும் உள்ளே இருந்த பிள்ளைகள் கத்திட்டாங்க, சார். சுவரைத் தடவிக்கிட்டே ரெண்டு பேரை வெளியே கூட்டிட்டு வந்தேன். மறுநாள் விளக்கு வேணும்னு கேட்டா, 'உன் வேலையைப் பாரு'ங்கிறாங்க."

அந்தத் தாயாருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்வேன். விளக்கு கேட்பதும் உங்கள் வேலைதான். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளிக்குப் பாதுகாப்பான இடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. குத்தகையாளர் மூலம் வந்த தொழிலாளியையும் அது விட்டுவிடவில்லை. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் அதை விரிவுபடுத்தியிருக்கிறது. ஒருவராகக் கேட்கத் தயக்கமாயிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். வாயால் சொல்வதோடு நிற்காமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் எழுத வராவிட்டால் உங்கள் பிள்ளை எழுதித் தருவான். இல்லையேல் பள்ளி ஆசிரியரை அணுகுங்கள்.

இனி, எல்லோரும் செய்யக்கூடியவை சில. கழிவறைக்குள் நுழைந்ததும் கூரையையும் சுவரையும் ஒருமுறை பாருங்கள். அவசர விளக்கு என்பது பெரிய அதிசயமல்ல. பேட்டரி உள்ள சிறு பெட்டி. மின்சாரம் இருக்கும்வரை தன்னை நிரப்பிக்கொள்ளும். நின்றதும் தானே எரியும். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பேட்டரிக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே பெட்டி தொங்கினால் மட்டும் போதாது. அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். விளக்கே இல்லையென்றால் கட்டட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அவர்கள் காது கொடுக்காவிட்டால் சிரம்பான் மாநகர் மன்றம் போன்ற ஊராட்சி மன்றத்துக்கோ பொம்பாவுக்கோ எழுதுங்கள்.

சின்னப் பிள்ளைகளைத் தனியே உள்ளே அனுப்பாதீர்கள். கைப்பேசியிலுள்ள டார்ச்சைப் போடப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். விளக்கு போனால் ஓடாதீர்கள். பத்து எண்ணுங்கள், ஒரு கையைச் சுவரில் வைத்து, காலைத் தேய்த்தபடி மெல்ல நடந்து வெளியே வாருங்கள். புகை வாடை வந்தால் மட்டும் நிற்க வேண்டாம்; குனிந்தபடி உடனே வெளியேறுங்கள்.

பளிங்குத் தரைக்கும் வாசல் அலங்காரத்துக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கு, உள்ளே ஒரு சிறு விளக்கு பாரமாகாது. கேட்கிறவர்கள் இருந்தால் அது வரும். அடுத்த முறை சிரம்பானுக்குப் போகும்போது கூரையைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.