சலவை யந்திரத்தின் குழூஉக்குறி

ஆடி மாதத்து மழை இரவெல்லாம் பெய்து ஓயாதிருந்த ஒரு காலை, மாதுங்காவில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எங்கள் வீட்டுச் சலவை யந்திரம் துணிகளையும் அழுக்கு நீரையும் வயிற்றில் தாங்கியபடியே நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை, முகப்பில் ஏதோ ஒரு குறி மட்டும் மின்னி மின்னி மறைந்தது. கம்பெனிக்குத் தகவல் சொன்னோம். மறுநாள் வந்த இளைஞர் குறியைப் பார்த்தார், கைப்பேசியில் எதையோ ஒத்துப் பார்த்தார், யந்திரத்தைத் தொடாமலே "போர்டு போய்விட்டது" என்று இந்தியில் சொல்லி, புதிய யந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும், திருநெல்வேலிச் சீமையைப் பூர்வீகமாகக் கொண்ட மெக்கானிக் ஒருவரை என் மனைவி அன்று மாலையே வரவழைத்தாள். அவர் முகப்பைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "தண்ணி எங்க போகுது மாமி?" என்று கேட்டார். பின்பக்கத்துக் குழாயைத் தடவிக்கொண்டே போய், குளியலறை மூலையில் பம்பாய்வாசிகள் நஹானி டிராப் என்று சொல்லும் கழிவுநீர்த் துளையில் அது செருகியிருந்த இடத்தைக் கண்டு, இழுத்தார். சோப்பும் நூலும் தலைமுடியும் சேர்ந்து களிமண்போல் இறுகிய ஓர் உருண்டை குழாயின் வாயோடு வந்தது. குழாய் நுனியை வாளியில் விட்டு யந்திரத்தை முடுக்கியதும், கறுத்த நீர் குபுகுபுவென்று கொட்டிற்று. சற்றைக்கெல்லாம் கதவுப் பூட்டு 'டக்' என்று விடுபட்டது. "மெஷின்ல ஒண்ணுமில்ல மாமி, பில்டிங்குக்குத்தான் வியாதி" என்றார் அவர்.

அந்தக் குறி பொய் சொல்லவில்லை என்பதே இந்தச் சம்பவத்தில் என் மனத்தை விட்டு அகலாத விஷயம். குறிப்பிட்ட காலத்துக்குள் நீர் வெளியேறவில்லை என்று அது சொன்னது. நீரும் வெளியேறத்தான் இல்லை. சாட்சி சொன்னதைத் தீர்ப்பாக வாசித்தவரிடத்தில்தான் பிழை இருந்தது. தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாயொன்று மேலேறி ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. தொட்டியில் நீர் உயர உயர அக்குழாயில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு, பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒன்றைக் கொண்டுதான் யந்திரம் தன் வயிற்றிலுள்ள நீரின் மட்டத்தை அறிகிறது. வடிகால் பம்பை ஓட்டிச் சில நிமிஷங்கள் காத்திருந்தும் அழுத்தம் குறையாவிட்டால் அது தன் ஓட்டத்தை நிறுத்திக் குறியைக் காட்டுகிறது. அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. சட்டைப்பையிலிருந்து நழுவிய ஒரு ரூபாய் நாணயம் பம்பின் வடிகட்டியில் சிக்கியதா, வடிகால் குழாய் சுவரோடு நசுங்கியதா, பம்பின் கம்பிச்சுருள் எரிந்ததா, அந்தக் காற்றுக்குழாயே சோப்புக் கசண்டால் அடைபட்டதா, அடிப்பக்கத்து ஒயரை எலி கடித்ததா, அல்லது உண்மையிலேயே யந்திரத்தை ஆளும் மின்னணுப் போர்டுதான் பழுதா என்ற இத்தனை காரணங்களுக்கும் அது காட்டுவது ஒரே குறி. இவற்றுள் போர்டைச் சந்தேகிப்பது கடைசியாக வரவேண்டிய காரியம், ஏனென்றால் மற்றவற்றைச் சோதிக்க ஒரு வாளியும் ஒரு டார்ச்சும் பொறுமையும் போதும். மற்றக் குறிகளும் இத்தகையனவே. துணி பிழியும் சுற்றில் எழும் சமநிலைக் குறி, நனைந்த படுக்கை விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடப்பதாலும் எழலாம், உருளையைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்ததாலும் எழலாம்.

இந்தக் குறிகளுக்கேனும் ஒரு பொதுப் பாஷை உண்டா என்றால், அதுவும் இல்லை. நீர் வெளியேறாத ஒரே கோளாறுக்கு எல்ஜி யந்திரம் 'ஓ.ஈ.' என்கிறது, சாம்சங் யந்திரம் '5ஈ' என்றோ '5சி' என்றோ சொல்கிறது, பாஷ் யந்திரம் 'ஈ18' என்கிறது. ஏழு கோடுகளால் ஆன அந்தச் சிறு திரையில் ஐந்து என்ற இலக்கத்துக்கும் ஆங்கிலத்து 'எஸ்' எழுத்துக்கும் வடிவ பேதம் கிடையாதாகையால், அதை 'எஸ்.ஈ.' என்று வாசித்துத் தொலைபேசியில் சொல்பவர்கள் அநேகர். நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒரு வழக்கு உண்டு: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் தங்களுக்குள் வழங்குவதை நன்னூல் உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஒரு தொழிற்கூட்டம் தன் காரியத்தைப் பிறர் அறியாமல் நடத்திக்கொள்ள அப்படிப் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாம் விலை கொடுத்து வாங்கி, நம் வீட்டில் வைத்து, நம் மின்சாரத்தில் ஓட்டும் ஒரு பொருள், தன் நோயை நமக்குத் தெரியாத பாஷையில் தன்னை உண்டாக்கியவருக்கு மட்டும் தெரிவிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இது தவிர்க்க முடியாத ஏற்பாடும் அன்று. மோட்டார் கார் விஷயத்தில் உலகம் இதற்கு வழி கண்டிருக்கிறது. 1996ஆம் வருஷ மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் ஒரேவிதமான சோதனை வாயும், பொதுவான கோளாறு எண்களும் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது, இந்தியாவிலும் பி.எஸ். 4 என்ற வாகனப் புகை விதிகளோடு 2010க்கும் 2013க்கும் இடையில் அந்த முறை கட்டாயமாயிற்று. ஆகவே 'பி0300' என்றால் எஞ்சினின் ஏதோ ஒன்றோ பலவோ சிலிண்டர்களில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று, கார் எந்தக் கம்பெனியுடையதானாலும், செம்பூர் நாக்காவிலுள்ள ஒரு சாமான்ய மெக்கானிக்கும் அறிவார். கார்க் கம்பெனிகள் மனமுவந்து கூடிச் செய்த காரியம் அன்று இது. காற்றைக் காக்க வேண்டிய சர்க்கார் நிர்ப்பந்தித்தது, அவை இணங்கின.

சலவை யந்திரத்துக்கும் அத்தகைய பொதுக் குறி வேண்டும் என்று பம்பாயில் குடியிருப்பவன் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த நகரத்தின் நீர் பெரும்பாலும் வெகுதூரத்திலிருந்து வருகிறது. பாத்சா, தான்சா, மோடக் சாகர், அப்பர் வைதர்ணா, மத்திய வைதர்ணா, விஹார், துளசி என்ற ஏழு நீர்நிலைகளிலிருந்து புறப்பட்டு, பேட்டைக்குப் பேட்டை குறித்த நேரத்தில் மட்டும் திறந்துவிடப்பட்டு, கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, பம்பினால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையால் மட்டுமே அது நம் குழாய்க்கு இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்து நீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. அவ்வாறாயின், தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் கடைசி மாடிக்காரருக்குக் கிடைப்பது 0.3 பார், அநேக யந்திரங்களின் நீர்வால்வு அந்த எல்லையிலோ அதற்கு மேலோதான் ஒழுங்காக வேலை செய்யும். மழைக்காலத்துச் சேறும் பழைய இரும்புக் குழாயின் துருவும் வால்வின் வாயிலுள்ள சிறு வலையில் படிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். யந்திரம் நீர் வரவில்லை என்ற குறியைக் காட்டும், வால்வை மாற்றுவார்கள், ஒரு மாதத்தில் குறி மீண்டும் வரும். செம்பூர் திலக் நகரில் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்து எழுப்பிய உயரமான கட்டடங்களிலும், தொட்டிக்கு நேர் கீழே வீடு வாங்கியவர்கள் தனியாகப் பிரஷர் பம்பு வைத்த பிறகே இதிலிருந்து விடுதலை பெறுகிறார்கள். கையேட்டில் அச்சிட்ட குறிப்பில் மொட்டைமாடித் தொட்டி என்ற ஒன்றே கிடையாது.

தாராவியின் சந்துகளிலோ நிலைமை வேறு. குழாயில் நீர் வரும் சிறிது நேரத்தில் நீல டிரம்மை நிரப்பிக்கொண்டு, வாசற்படியருகில் வைத்த செமி ஆட்டோமேட்டிக் யந்திரத்தில் வாளியால் ஊற்றித் துவைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த யந்திரத்துக்குத் திரை இல்லை, குறி இல்லை. திருகு குமிழ்கள்தான். பெல்ட் வழுக்கினால் கிறீச்சென்ற சத்தமும், கெப்பாசிட்டர் போனால் ஓடாமலே உறுமும் மோட்டாரும், சுருள் காய்ந்தால் எழும் நெடியும் அதன் குறிகள். அவற்றை வாசிக்க அந்த வீட்டுப் பெண்களுக்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவைப்பட்டதில்லை. விலையுயர்ந்த யந்திரத்துக்கு மாறும் குடும்பம் இந்த ஞானத்தை இழந்து, அதற்கு ஈடாக எதையும் பெறாமல் நிற்கிறது.

பழுதுபார்ப்பதில் மக்களுக்குள்ள இந்தக் கஷ்டத்தைப் பற்றிச் சர்க்கார் சிந்திக்காமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, நிதி கரே அவர்களின் தலைமையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. பழுதுநீக்க எளிமையை மதிப்பெண்ணால் குறிக்கும் திட்டம் பற்றிய குழு, பரத் கேரா அவர்களின் தலைமையில் ஆராய்ந்து, 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. ஆயினும் முதற்கட்டமாக அது எடுத்துக்கொண்டது கைப்பேசிகளையும் டேப்லெட்டுகளையுமே. பிரான்ஸ் தேசம் 2021 ஜனவரியில் இத்தகைய மதிப்பெண்ணைக் கொண்டுவந்தபோது, முதல் வரிசையில் நின்ற ஐந்து வகைப் பொருள்களில் சலவை யந்திரமும் ஒன்று. அதே வருஷம் மார்ச் முதல் ஐரோப்பிய யூனியனில் நடைமுறைக்கு வந்த விதிகள், சலவை யந்திரத்தின் முக்கிய உதிரிப்பாகங்கள் பத்து வருஷமேனும் கிடைக்கவேண்டும் என்றும், தொழில்முறையில் பழுதுபார்ப்பவருக்குக் கோளாறுக் குறிகளின் விளக்கத்தைக் கம்பெனி தரவேண்டும் என்றும் கூறுகின்றன.

குறிகளின் பொருளை வெளியிடுவதற்குச் சொல்லப்படும் ஆட்சேபம் ஒன்றை அலட்சியம் செய்ய நான் விரும்பவில்லை. இன்றைய இன்வெர்ட்டர் யந்திரத்தின் போர்டில் முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில நிமிஷங்கள் அது நிற்கும். அறியாமல் கை வைத்தவர் உயிருக்கே ஆபத்து. உண்மைதான். ஆனால் குறியின் பொருளைச் சொல்வது வேறு, போர்டைத் திற என்று சொல்வது வேறு. எங்கள் வீட்டுக் குழாயை இழுத்துப் பார்க்க எந்த மூடியையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பொருள் மறைக்கப்பட்ட இடத்தில்தான் மாற்ற வேண்டாதது மாற்றப்படுகிறது. சோதிக்காமல் கழற்றிய போர்டு, மின்னணுச் சாமான் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் மலிவான ரிலே ஒன்றை மாற்றினால் உயிர்பெறக்கூடிய போர்டு, மின்கழிவாய்ப் போய்ச் சேருகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள் அந்தக் கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியிருக்கின்றன. கழிவு உண்டாகும் முதல் படிக்கும் அந்தப் பொறுப்பு நீள்வதே நியாயம்.

எனவே அடுத்த கட்டத்தில் சர்க்கார் செய்யவேண்டுவது கஷ்டமான காரியம் அன்று. நீர் வரவில்லை, நீர் போகவில்லை, கதவு பூட்டவில்லை, சமநிலை இல்லை, கசிவு உண்டு என்ற ஐந்தாறு பொதுக் கோளாறுகளுக்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே குறி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வீட்டுக்காரர் தாமே பார்க்கக் கூடியவை எவை, மெக்கானிக்குக்கு உரியவை எவை என்ற வரிசை. அது இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் மற்ற நாட்டு மொழிகளிலும் அச்சாகி யந்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டிருத்தல். இவ்வளவே.

அன்று காரியம் முடிந்து கூலியை வாங்கிக்கொண்ட பிறகு அந்த மெக்கானிக், "புக்கு இருந்தாக் குடுங்க சார், இந்தப் பக்கத்த எழுதிக்கிடுதேன்" என்று கேட்டார். ஓரம் நைந்த நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் கம்பெனி கம்பெனியாக, பென்சிலிலும் பேனாவிலும், பல வருஷத்துக் குறிகள் தமிழில் நிரம்பியிருந்தன. எங்கள் கையேட்டில் ஒன்றிரண்டு நீங்கலாக எல்லாக் குறிகளுக்கும் எதிரே, சர்வீஸ் சென்டரை அழைக்கவும் என்ற வாசகமே இருந்தது. அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. குறிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி, எங்கள் யந்திரம் அன்று காட்டிய குறியின் எதிரில், "முதல்ல நஹானி டிராப் பாக்கணும்" என்று எழுதி, கீழே கோடு கிழித்தார்.