மேயர் நாற்காலியும் நமது ஓட்டும்

பெங்களூர் மேயர் பதவி நெடுங்காலம் ஓராண்டுப் பதவியாகவே இருந்தது. ஆண்டுதோறும் மன்றம் கூடும். அலுவல் பிடிபடுமுன் அங்கி கைமாறும். அந்த ஓராண்டு மேயரும் பின்னர் இல்லாமற்போனார். 2020 செப்டம்பரில் 198 வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் தேர்தலின்றியே ஆண்டுகள் உருண்டன. அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். குப்பை குவிந்தாலும், தெருவிளக்கு அணைந்தாலும் முறையிட வார்டு உறுப்பினர் இருக்கவில்லை.

மேயரைத் தேர்ந்தெடுப்பது மன்றம்; மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது நாம். பிழைக்க வந்த தமிழரில் பலர் ஓட்டைச் சொந்த ஊரிலேயே விட்டு வந்துள்ளனர். குடியிருக்கும் தெருவின் வாக்காளர் பட்டியலுக்குப் பெயரை மாற்றிக்கொள்வதே முதற்கடமை. பட்டியலில் பெயரில்லாதவரின் குறை மன்றத்தின் படியேறாது.