அத்தை வீட்டு ஐஸ்பெட்டி

2021-இல் நம் அரசாங்கம் 'சேவ் 2.0' திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு அல்லது ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டியோ ஏர்கோனோ வாங்கினால் 200 வெள்ளி கழிவு. நாங்களும் வாங்கினோம். கழிவு இல்லாவிட்டாலும் வாங்கியிருப்போம் என்பது வேறு விஷயம்.

பழைய ஐஸ்பெட்டியை என்ன செய்தோம்? மாசாயில் வாடகை வீட்டில் இருக்கும் அத்தைக்குக் கொடுத்தோம். "நல்லாத்தான் ஓடுது, எதுக்கு வீசணும்?" என்றார் அப்பா. ஆக, கழிவு எங்களுக்கு, அந்தப் பெட்டி தின்னும் கரண்டு அத்தை பில்லில். கடையில் விற்றதை எண்ணினால் இது சேமிப்பு. இரண்டு வீட்டு மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால்?

"அத்தையும் புதுசு வாங்கலாமே, பில் குறைஞ்சு போட்ட காசு திரும்பிடுமே" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. கணக்குப் போடுவோம். புதுப்பெட்டி மாதம் 25 யூனிட் மிச்சப்படுத்துகிறது, விலை 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு போக 1,300. அன்றைய வீட்டுக் கட்டணம் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், 301 முதல் 600 வரை 51.60 சென். எங்கள் வீடு 400-ஐத் தாண்டும். மாதம் 12 வெள்ளி 90 சென் மிச்சம், எட்டரை ஆண்டில் போட்டது திரும்பிவிடும். அத்தை 200-ஐத் தாண்டமாட்டார். அவருக்கு மாதம் 5 வெள்ளி 45 சென்தான். ஏறக்குறைய 20 ஆண்டு! பெட்டியே அதுவரை ஓடாது. 2025 ஜூலையில் கட்டணம் மாறியபோதும், 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு யூனிட்டுக்கு 25 சென் ஊக்கத்தொகை வந்தது. அத்தையின் கணக்கு பெரிதாக மாறவில்லை.

மலிவு மின்சாரம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கு வேண்டும். ஆனால் மின்சாரம் மலிவாக இருப்பவரிடம் போய், "முதலில் 1,300 வெள்ளி எடுத்து வை, பிறகு மிச்சம் பிடி" என்று சொல்வது உதவியா? கையில் காசு உள்ளவனுக்குக் கொடுக்கும் தள்ளுபடி அது.

மெக்சிகோ 2009 முதல் 2012 வரை பழைய பெட்டியைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டுத்தான் மானியம் தந்தது. அப்படியும் ஐஸ்பெட்டி மாற்றிய வீடுகளில் மின்சாரம் குறைந்தது சுமார் 8 விழுக்காடுதான், எதிர்பார்த்ததில் கால்வாசி. ஏர்கோன் மாற்றிய வீடுகளில் கூடவே செய்தது. அவ்வளவு கறாராக இருந்தவர்களுக்கே இந்த நிலை. பழையது எங்கே போகிறது என்று எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

எல்லாருக்கும் 200 வெள்ளி என்று பிரிக்காதீர்கள். குறைந்த பில் கட்டும் வீடுகளுக்கு முழுப் பெட்டியையே கொடுங்கள், பழையதை வாங்கிக்கொண்டு போங்கள். நூறு வீட்டுக்குப் பதில் பதிமூன்று வீட்டுக்குத்தான் கிடைக்கும். கிடைக்கட்டும். அந்தப் பதிமூன்றில் ஒன்றாவது அத்தை வீடாக இருக்கும்.