வயிற்று வலிக்கு வெட்கம் எதற்கு?

தோட்டத்தில் வேலை செய்கிற நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதுகு பிடித்துக்கொண்டால் நாலு பேரிடம் சொல்வார்கள். காய்ச்சல் என்றால் காலைப் பெரட்டிலேயே மண்டோரிடம் சொல்லிவிடுவார்கள். வயிறு வலிக்கிறது, வெளிக்கிப் போவது சரியாக இல்லை என்றால் மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். "இதையெல்லாம் போயி டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்பார்கள். கடையில் ஒரு காஸ்ட்ரிக் மாத்திரை, வயிற்றில் தடவக் கொஞ்சம் எண்ணெய், அதோடு சரி. இப்படியே மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். இந்த வெட்கம் சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும். அதை எடுத்துச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

முதலில் எது கோளாறு என்று தெரிந்துகொள்வோம். தினம் காலையில் ஒரு தடவை போனால்தான் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் நாளைக்கு மூன்று தடவை போவார். இன்னொருவர் வாரத்துக்கு மூன்று தடவைதான் போவார். இரண்டும் இயல்புதான். உங்களுக்கு எது வழக்கமோ, அது மாறி, மாறினபடியே சில வாரங்கள் நீடித்தால் அப்போது கவனிக்க வேண்டும்.

நம் வேலையே வயிற்றைக் கெடுக்கிற மாதிரி அமைந்திருக்கிறது. விடியுமுன் எழுந்து வெறும் வயிற்றில் வரக்கோப்பி. பிறகு வெயிலேறும் வரை பால்மரத்திலோ செம்பனையிலோ வேலை. வியர்வையாய்க் கொட்டுகிறது, குடிக்கிற தண்ணீரோ ஒரு போத்தல். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். வெளிக்காட்டில் மறைவான கழிவறை கிடையாது. "தண்ணி குடிச்சா போக வேண்டி வருமே" என்று பயந்து குடிக்காமலே இருக்கிறார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்கக் குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் கெட்டிப்பட்டு, மூலம், வெடிப்பு என்று போய் நிற்கும். இது விதியல்ல, வேலையிடத்தில் உள்ள குறை.

அடுத்தது மேல்வயிற்று எரிச்சல். செம்பனைக் குலை தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள் தினம் வலி மாத்திரை போடுகிறார்கள். அந்த மாத்திரைகளில் பல, இரைப்பையைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் போட்டால் மட்டும்தான் கெடுதல் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் புண் வரலாம். இன்னொரு காரணம் இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி. நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. இதற்குச் சோதனை உண்டு. ஒன்று இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் தீர்ந்தும் போகும். அப்படியிருக்க, பத்து வருஷமாகக் காஸ்ட்ரிக் மாத்திரையை மென்றுகொண்டிருப்பானேன்?

குடற்புழுவையும் மறந்துவிடக் கூடாது. 1974ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக்கூடப் பூச்சி மருந்துத் திட்டம் 1983இல் நிறுத்தப்பட்டது. புழு அதோடு நின்றுவிடவில்லை. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. உடம்புக்குள் இருந்து இரத்தத்தைக் குடித்துச் சோகையில் தள்ளுகிறது. பிள்ளைகள் காலில் செருப்பு இருக்கட்டும்; சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

எல்லாச் சோதனையும் செய்து, "ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொல்லியும் வலி விடாதவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது வலி, வெளிக்கிப் போனால் குறைகிறது அல்லது கூடுகிறது, சில நாள் கட்டிக்கொள்கிறது, சில நாள் தண்ணீராய்ப் போகிறது. இதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர். குடல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதன் அசைவும் உணர்ச்சியும்தான் தாறுமாறாகிவிடும். "நடிக்கிறான், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்" என்று யாரும் பேசக் கூடாது. வலி உண்மையான வலி. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால், கடன் தொல்லையும், "தோட்டத்தை வித்துட்டா வீடு என்னாகும்" என்ற கவலையும் வயிற்றில் வந்து நிற்கும்.

இதற்கு உயிராபத்து இல்லை. பழக்கத்தை மாற்றினால் நிறையக் குறையும். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டோம், எப்போது வலித்தது, எத்தனை தடவை போனோம் என்று. சிலருக்குப் பால், சிலருக்கு அதிகக் காரம், எண்ணெய்ப் பலகாரம், சிலருக்கு வெங்காயம், பயறு ஒத்துக்கொள்ளாது. புத்தகமே காட்டிக் கொடுத்துவிடும். வேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மலச்சிக்கல் உள்ளவர்கள் கீரை, பப்பாளி, ஓட்ஸ் என்று நார்ச்சத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, தண்ணீரையும் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கோப்பியைக் குறையுங்கள், சம்சுவை விட்டொழியுங்கள்.

ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மலத்தில் இரத்தம், அல்லது தார் மாதிரி கறுப்பு, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சோகை, தூக்கத்தைக் கலைக்கிற வலி அல்லது பேதி, 50 வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய். "மூலம்தான், வேறொன்றுமில்லை" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசிய ஆண்களுக்கு வந்த புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயே முதலிடம். பெண்களிடம் மார்பகத்துக்கு அடுத்த இடம். சீக்கிரம் கண்டால் குணப்படுத்தலாம். 50 வயதைத் தாண்டியவர்கள், கோளாறு ஒன்றும் இல்லையென்றாலும், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்டு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். குடியுரிமை உள்ளவர்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

திடீரென்று வருகிற கடும் வலி வேறு. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வயிறு பலகை மாதிரி விறைத்தாலும் ஆபத்துதான். அந்த நேரத்தில் பேதிக்குக் கொடுப்பதும், குடலேற்றம் என்று வயிற்றைத் தடவி அமுக்குவதும் கூடவே கூடாது; குடல்வால் வெடித்துவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 999க்கு அழைக்க வேண்டும். பெரியவர்கள் வைத்தியத்தைக் கேலி செய்ய நாம் வரவில்லை. எதை எப்போது செய்வது என்ற நிதானம் வேண்டும் என்கிறோம்.

"கிளினிக்குக்குப் போனா ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்று கேட்கிறீர்கள். தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 தொடக்கம் முதல் இது தனிக் கணக்கு. விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் முறையில்லாமல் வேலைக்கு வராதவர் என்று ஆகிவிடும். நிர்வாகம் நியமித்த டாக்டர் இருந்தால் அவரிடம் போக வேண்டும். தகுந்த நேரத்தில் அவர் கிடைக்காவிட்டால் வேறு பதிவு பெற்ற டாக்டரிடமோ அரசாங்க மருத்துவரிடமோ போகலாம். இது யாரும் போடுகிற பிச்சையல்ல, உரிமை.

இன்னொன்று. வேலையிடத்தில் தொழிலாளர் நலனுக்குப் போதிய வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. காட்டில் வேலை செய்கிற பெண் காலையெல்லாம் அடக்கிக்கொண்டு நிற்பது எந்த நலனில் சேர்த்தி? பெரட்டுக் களத்தில் குடிநீர்த் தொட்டி, வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் கதவுள்ள கழிவறை, இரண்டையும் உங்கள் கிளைக் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஆண்கள் பேசத் தயங்கினால் பெண்கள் எழுந்து பேசட்டும்.

சங்கம் கேட்டு வாங்கித் தரும். ஆனால் உங்கள் வயிற்றுக்குள் இருக்கிற வலியை நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். இந்த வாரமே வீட்டிலுள்ள அம்மாவை, அப்பாவை, மனைவியை ஒரு வார்த்தை கேளுங்கள்: "வயிறு எப்படி இருக்கு?" பதில் சரியில்லை என்றால் அடுத்த நாளே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.